வீட்டு வேனைப் பராமரிப்பது: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் வாகனங்களுக்கு 2025 இல்தான் மறுபடி கதவு திறந்தது. அந்த இடைவெளியில் எங்கள் பக்கத்தில் பலர் பழைய டொல்பின் வேனுக்கும் கே.டி.எச். வேனுக்கும் (இரண்டும் டொயோட்டா ஹையேஸ் வகைகள்) உள்ளே பலகை அடித்து, கட்டில் போட்டு, அடுப்பு வைத்து வீட்டு வேன் ஆக்கினார்கள். நானும் மச்சானும் எங்களுடைய டொல்பினைச் செய்ததும் அப்போதுதான். கல்லடியில் எங்கள் வளவில் அது நிற்பதைக் கண்டு வாசலில் நின்று கேட்பவர்கள், போன் எடுத்துக் கேட்பவர்கள், கராஜில் பிடித்துக் கேட்பவர்கள் எல்லாருக்கும் இருப்பது சுற்றிச் சுற்றி ஒரே சந்தேகங்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் கீழே போட்டிருக்கிறேன்.

"மோட்டார்ஹோம் எண்டாலும் அது வேன்தானே, சாதாரண சேர்விஸ் போதாதா?"

பாதி வண்டிக்குப் போதும். என்ஜின், கியர், பிரேக், டயர் எல்லாம் வேனுடையவை, அவற்றைக் கராஜ் பாஸ் பார்த்துக்கொள்வார். மீதிப் பாதி வீடு: கூரை, தண்ணீர், கேஸ், கரண்ட், மலசலகூடம். அதைக் கராஜிலும் பார்க்க மாட்டார்கள், வீடு கட்டுகிற பாஸும் பார்க்க மாட்டார், நீங்கள்தான் பார்க்க வேண்டும். அதுவும் குண்டும் குழியுமான ரோட்டில் குலுங்கிக்கொண்டே ஓடுகிற வீடு. ஸ்குரூ கழரும், பைப் பூட்டு இளகும், வயர் தகரத்தில் உரசும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் கரையோரத்தில் வீட்டு வேன் ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதுதான் அதிகம். உப்புக்காற்று, மாரி ஈரம், கச்சான் காற்றின் வெக்கை மூன்றும் நிற்கிற வண்டியைத்தான் தின்னும். கீழே வரும் பதில்களில் முக்கால்வாசி இதில் இருந்துதான் வருகிறது.

"எத்தனை கிலோமீற்றருக்கு ஒருக்கா சேர்விஸ்? எங்கட வேன் மாசத்துல ஒருநாள்தான் ஓடுது."

அப்படியானால் கிலோமீற்றரை விட்டுவிட்டு நாளைப் பாருங்கள். பழைய டீசல் என்ஜினுக்கு 5,000 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அப்போது ஒயிலும் ஒயில் பில்டரும் மாற்றுங்கள். ஓடாத என்ஜினுக்குள் ஈரம் படிந்து ஒயில் கெடும். வளவுக்குள் வைத்தே பத்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி நிறுத்துவது நல்லதுக்குப் பதில் கெடுதல்தான் செய்யும், என்ஜின் சரியாகச் சூடேறாது, ஈரம் உள்ளேயே நிற்கும். இரண்டு கிழமைக்கு ஒருமுறை கல்லடியில் இருந்து களுவாஞ்சிக்குடி வரையாவது ஓட்டிவிட்டு வாருங்கள்.

டீசல் பில்டருக்கு அடியில் ஒரு சின்னத் திருகு இருக்கும். அதை இளக்கி, மேலே இருக்கும் கைப்பம்பை அமத்தினால் அடியில் தேங்கிய தண்ணீர் வரும். டாங்கியைப் பாதியோடு விட்டு வைத்தால் மேல்பாதிக் காற்றில் உள்ள ஈரம் இரவில் தண்ணீராகி டீசலுக்குள் இறங்கும், ஆகவே நிறுத்தி வைக்கும்போது டாங்கியை நிரப்பியே வையுங்கள்.

"டாஷ்போர்ட்டில டைமிங் பெல்ட் லைட் எரியுது, வண்டி நல்லாத்தான் ஓடுது. விடலாமா?"

விட வேண்டாம். டொல்பினில் வரும் 2எல், 3எல், 5எல் என்ஜின்களுக்கு 100,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை டைமிங் பெல்ட் மாற்ற வேண்டும், அதை ஞாபகப்படுத்தத்தான் அந்த லைட். பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி என்ஜின் தலையே போய்விடும். பழைய வண்டி வாங்கியவர்கள் மீட்டரை நம்ப வேண்டாம். மாற்றியதற்கு ரசீது கையில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். டீசல் வண்டிக்குப் புகைப் பரிசோதனை செய்யும்போது அக்சிலேட்டரை அடியோடு அமத்தி முடுக்குவார்கள், பெல்ட் பழசென்றால் அதற்குப் போகுமுன்பே மாற்றிவிட்டுப் போவது நல்லது.

"வருசத்துல எந்தெந்த மாசம் எதைப் பாக்கிற?"

ஐப்பசியில் இருந்து தை வரை எங்களுக்கு மாரி. ஆகவே புரட்டாதி முடியுமுன் கூரை, ஜன்னல், கதவு ரப்பர் மூன்றையும் பார்த்து முடித்துவிட வேண்டும். மழை தொடங்கிய பிறகு கூரைக்கு எதைப் பூசினாலும் ஒட்டாது. மாசி, பங்குனியில் மழை விட்டதும் வண்டிக்கு அடியில் படுத்துக் கறள் பாருங்கள், உள்ளே எல்லா மெத்தையையும் தூக்கிப் பூஞ்சணம் பாருங்கள்.

வைகாசிக்குப் பிறகு கச்சான் அடிக்கத் தொடங்கும். காய்ந்த சூட்டில் ரப்பர் வெடிக்கும், பசை சுருங்கும், பெட்டரி தண்ணீர் குறையும். அந்த மாதங்கள் பெட்டரிக்கும் டயருக்கும். அப்புறம் கூரை ஒட்டுவதற்கு அதைவிட நல்ல காலம் கிடையாது, தகரம் எலும்பு மாதிரிக் காய்ந்திருக்கும்.

"கூரை ஒழுகுது. சிலிக்கன் பூசினோம், திரும்பவும் ஒழுகுது. என்னதான் செய்யிற?"

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் வேனில் அதிகம் காசு போனது இதில்தான். கூரையில் காற்றுப் போக்கி வைத்த இடத்தில் ஒரு மயிரளவு வெடிப்பு. தண்ணீர் சொட்டவே இல்லை. உட்கூரைப் பலகைக்கும் தகரத்துக்கும் இடையில் ஓடி, பின்பக்க மூலையில் இறங்கி, கட்டில் சட்டத்தை ஊறவைத்திருக்கிறது. இரண்டாவது மாரியில் ஒரு புளித்த மணம் வந்த பிறகுதான் பலகையைக் கழற்றினோம், பிளைவூட் கைவிரலுக்குப் பிட்டு மாதிரி உதிர்ந்தது. ஒழுக்கு தெரிகிற இடமும் தண்ணீர் நுழைகிற இடமும் ஒன்றாக இருக்காது, இதை மறக்காதீர்கள்.

சாதாரண சிலிக்கனைக் கூரைக்குப் போடக் கூடாது. வெயிலில் தகரம் விரிந்து சுருங்க அது ஓரத்தில் விட்டுவிடும், அதைவிட மோசம், அது இருந்த இடத்தில் பிறகு வேறு எதுவும் ஒட்டாது. முதலில் பழைய சிலிக்கன் முழுவதையும் சுரண்டி எடுத்து, தின்னர் போட்டுத் துடைத்து, காய விடுங்கள். பிறகு வாகனத்துக்கு வரும் பொலியூரித்தேன் பசையைப் பூசுங்கள். காற்றுப் போக்கி, சோலர் தாங்கி போன்றவற்றைக் கழற்றிப் பூட்டுவதாக இருந்தால் அடியில் பியூட்டைல் டேப் (ஒட்டும் ரப்பர் நாடா) வைத்து இறுக்கி, ஓரத்துக்குப் பொலியூரித்தேன்.

ஒழுக்குப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே டோர்ச்சோடு, மற்றவர் வெளியே தண்ணீர்க் குழாயோடு. கீழிருந்து மேலே, ஒரு இடத்துக்குப் பத்து நிமிடம் என்று மெதுவாகப் போக வேண்டும். மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் எல்லா இடத்துக்கும் வழிந்து எது எதென்று தெரியாமல் போகும்.

"அடியில கறள் புடிச்சிட்டு. கழிவு ஒயில் அடிச்சா நிக்குமா?"

கொஞ்ச நாள் நிற்கும், ஆனால் ரப்பர் புஷ், பிரேக் ஹோஸ் எல்லாவற்றையும் ஊதப் பண்ணிவிடும், மழையில் கழன்று நிலத்துக்கும் கிணற்றுக்கும் போகும். தயவுசெய்து வேண்டாம். கறளை இரும்பு பிரஷ்ஷால் தேய்த்து, கறளை மாற்றும் திரவம் பூசி, பிரைமர் அடித்து, மேலே மெழுகு வகை அடிப்பூச்சு அடியுங்கள். தடித்த தார்ப் பூச்சு எனக்கு விருப்பமில்லை. அதில் ஒரு வெடிப்பு வந்தால் உள்ளே உப்புத் தண்ணீர் தங்கி, வெளியில் கறுப்பாக அழகாக இருக்கும்போதே உள்ளே தகரம் போய்க்கொண்டிருக்கும்.

பாசிக்குடா, அறுகம்பே போய் வந்தால் அடுத்த நாளே அடியைக் கழுவுங்கள். எந்தத் தண்ணீரால் என்பதும் முக்கியம். கடலை ஒட்டிய வளவுகளில் பல கிணறு உவர், அதால் கழுவினால் உப்பின் மேல் உப்புத்தான். குழாய்த் தண்ணீரோ, கடலைவிட்டு உள்ளே தள்ளியிருக்கும் சேர்விஸ் ஸ்டேஷனோ பாருங்கள். ஈர மணலில் வண்டியை இறக்கவே வேண்டாம்.

"உள்ள இருக்கிற பெட்டரி எவ்வளவு இறங்கினாப் பிரச்சினை?"

சாதாரண ஈயப் பெட்டரி என்றால், எதுவும் ஓடாமல் ஓரிரு மணிநேரம் விட்டு மீட்டரால் அளந்து பாருங்கள். 12.6, 12.7 வோல்ட் என்றால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. அதற்குக் கீழே கொண்டுபோகாதீர்கள், போனால் அன்றே சார்ஜ் ஏற்றுங்கள். பாதிக்குக் கீழே இறங்கிய பெட்டரியை ஒரு மாதம் அப்படியே விட்டால் தட்டில் சல்பேட் கட்டிப் பழைய கொள்ளளவு திரும்பி வராது.

சூடும் எதிரிதான். பெட்டரியின் சூடு 10 பாகை கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்று ஒரு பொதுக் கணக்கு இருக்கிறது. டொல்பின், கே.டி.எச். இரண்டுக்கும் என்ஜின் முன் சீற்றுக்கு அடியில். அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில் வீட்டுப் பெட்டரியை வைக்காமல் பின்னால் கொண்டுபோங்கள். தண்ணீர் ஊற்றும் வகை என்றால் பெட்டரித் தண்ணீர் மட்டும், கிணற்றுத் தண்ணீர் ஒரு சொட்டும் கூடாது.

"சோலர் இருக்கு, பெட்டரியும் புதுசு. ஆனா பிரிஜ் விடியக்குள்ள நிண்டு போகுது. ஏன்?"

முதலில் கணக்கைப் பாருங்கள். 12 வோல்ட் பிரிஜ் ஒன்று ஓடும்போது 45 வோட் இழுக்கிறது, நாளில் பாதி நேரம் ஓடுகிறது என்று வைத்தால் 540 வோட் மணி, அதாவது 45 அம்பியர் மணி. 100 அம்பியர் மணி ஈயப் பெட்டரியில் மேலே சொன்ன பாதிக் கணக்குப்படி எடுக்கக்கூடியது 50 தான். லைட்டும் பேனும் சேர்ந்தால் சரிந்துவிடும். 100 வோட் சோலர் பலகை ஒன்று எங்கள் நல்ல வெயிலில் நாளைக்கு 350, 400 வோட் மணி தரும், மார்கழி மூடத்தில் அதில் மூன்றில் ஒன்று வந்தாலே பெரிய காரியம். ஆகவே ஒரு பலகையும் ஒரு பெட்டரியும் பிரிஜ்ஜுக்குக் காணாது.

கணக்கு சரியாக இருந்தும் நிற்கிறதென்றால் வயரைப் பாருங்கள். ஆறு மீற்றர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீற்றர் வயர் இழுத்திருந்தால், 5 அம்பியர் போகும்போது போக வர 0.7 வோல்ட் வழியிலேயே கரையும். பெட்டரியில் 12.2 இருக்கும்போது பிரிஜ் வாயிலில் 11.5 தான், கம்ப்ரஸர் தொடங்குகிற நேரம் இன்னும் விழும், பிரிஜ் பெட்டரி செத்துவிட்டது என்று நினைத்துத் தானே நின்றுவிடும். 6 சதுர மில்லிமீற்றர் வயர் மாற்றினால் இழப்பு 0.2 க்குக் கீழே வரும். இந்த ஒரு மாற்றத்தால் தெரிந்தவர் ஒருவர் வாங்க இருந்த புதுப் பெட்டரிக் காசை மிச்சம் பிடித்தார்.

பலகையின் மேல் தென்னோலை நிழல் ஒரு கோடு விழுந்தாலும் வரவு கடுமையாகக் குறையும். தென்னைக்குக் கீழே நிறுத்தாமல் இருக்கத் தேங்காயும் ஒரு காரணம், சோலரும் ஒரு காரணம்.

"லிதியம் பெட்டரி வாங்கி இருக்கிற இடத்துல மாத்திப் பூட்டலாமா?"

அப்படியே மாற்றிப் பூட்டாதீர்கள். லிதியம் அயன் பொஸ்பேட் பெட்டரி கிடைக்கிற கரண்டை எல்லாம் இழுக்கும், நிறையும் வரை ஓல்டனேட்டரை (என்ஜினோடு சுற்றிக் கரண்ட் தருவது) முழுப் பாரத்தில் வைத்திருக்கும், பழைய டொல்பின் ஓல்டனேட்டர் சூடேறிக் கருகும். இழுக்கும் கரண்டை மட்டுப்படுத்த நடுவில் 20 அல்லது 30 அம்பியர் டீசி டூ டீசி சார்ஜர் ஒன்று வேண்டும். சோலர் கன்ட்ரோலரிலும் லிதியத்துக்கு உரிய அளவை மாற்ற வேண்டும்.

பெரும்பாலான தயாரிப்பாளர்கள் 45 பாகைக்கு மேல் சார்ஜ் ஏற்ற வேண்டாம் என்கிறார்கள். கச்சான் காலத்தில் பூட்டிக் கிடக்கும் வேனுக்குள் அது சர்வசாதாரணம். காற்றோட்டம் இருக்கும் இடமாகப் பாருங்கள். எந்தப் பெட்டரி என்றாலும் நேர் முனையில் இருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் இருக்க வேண்டும். தகரத்தில் உரசி வயர் தோல் போனால் வண்டியைக் காப்பாற்றுவது அந்தப் பியூஸ்தான்.

"தண்ணி டாங்கியில பாசி மணம். என்ன ஊத்திக் கழுவுற?"

வீட்டுக்கு வாங்கும் வாசனை சேராத 5 சதவீத பிளீச் போதும். ஒரு லீற்றர் தாங்கிக்கு ஒரு மில்லிலீற்றர், 60 லீற்றர் தாங்கிக்கு 60 மில்லிலீற்றர். ஒரு வாளித் தண்ணீரில் கலந்து ஊற்றி, தாங்கியை நிரப்பி, ஒவ்வொரு குழாயையும் பிளீச் மணம் வரும் வரை திறந்து மூடுங்கள். நாலு மணிநேரம் விட்டு, முழுவதும் வடித்து, மணம் போகும் வரை இரண்டு மூன்று தரம் நல்ல தண்ணீரால் அலசுங்கள். பிளீச்சோடு வினாகிரியோ வேறு கழுவும் மருந்தோ சேர்க்காதீர்கள், நச்சுப் புகை வரும்.

குடிக்கும் தண்ணீரைத் தனிப் போத்தலில் கொண்டுபோவது என் பழக்கம், தாங்கித் தண்ணீர் கழுவவும் குளிக்கவும். பயணம் முடிந்ததும் தாங்கியை வடித்து மூடியைத் திறந்து வையுங்கள், பாதித் தண்ணீரோடு நிற்கிற தாங்கியில்தான் பாசி வரும்.

"கழுவின தண்ணியையும் மலசலகூடப் பெட்டியையும் எங்க ஊத்துற? வாவிப் பக்கம் ஒதுக்கமா இடம் இருக்கே."

வாவியில் ஊற்ற வேண்டாம், ஒதுக்கமான இடமாக இருந்தாலும் வேண்டாம். அதே தண்ணீரில்தான் இறால் பிடிக்கிறார்கள், கரைச்சனம் இறங்கிக் குளிக்கிறது, பிள்ளைகள் நீந்துகிறார்கள். மலசலகூடப் பெட்டியை வீட்டுக் கக்கூசில் ஊற்றுங்கள், அல்லது தங்குமிடத்தில் கேட்டு அவர்களுடைய கக்கூசில் ஊற்றுங்கள், யாரும் இதுவரை எனக்கு மறுத்ததில்லை. போமல்டிஹைட் சேர்ந்த நீல மருந்து குழியில் இருக்கும் நல்ல கிருமிகளையும் கொன்றுவிடும், ஆகவே அது சேராத வகையை வாங்குங்கள்.

பெட்டி மூடியின் ரப்பருக்குத் தேங்காய் எண்ணெயோ வாசலினோ பூசாதீர்கள். எங்கள் வீடுகளில் எல்லாவற்றுக்கும் கை போவது தேங்காய் எண்ணெய்க்குத்தான், ஆனால் ரப்பரை அது ஊதவும் இளகவும் பண்ணும். சிலிக்கன் கிரீஸ் வாங்கி மெல்லியதாகத் தடவுங்கள். இந்த ஒரு இடத்துக்குச் சிலிக்கன் நல்லது.

"கேஸ் சிலிண்டரைக் கட்டிலுக்கு அடியில வைக்கலாமா? நல்லா இறுக்கித்தான் கட்டியிருக்கம்."

வைக்கக் கூடாது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தங்கும், நீங்கள் படுப்பது அதற்கு மேலே. 2021 கடைசியில் நாடெங்கும் கேஸ் வெடிப்புச் செய்திகள் வந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். சிலிண்டருக்கு வெளிப்பக்கம் மட்டும் கதவு திறக்கும் தனிப் பெட்டி செய்து, அடித்தட்டில் வெளியே போகும் துளை விடுங்கள். 5 கிலோ சிலிண்டர் போதும், நிமிர்த்தியே நிற்க வேண்டும், ஓடும்போது வால்வு பூட்டியிருக்க வேண்டும்.

ஹோஸை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன், வெடிப்புத் தெரிந்தால் அன்றே. ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் சவர்க்கார நுரையை எல்லாப் பூட்டிலும் பூசி முட்டை விடுகிறதா பாருங்கள், நெருப்புக் குச்சி வைத்துப் பார்க்கும் பழக்கம் இருந்தால் தயவுசெய்து இன்றோடு விடுங்கள். மழைக்காக எல்லாவற்றையும் அடைத்துவிட்டு உள்ளே சமைக்கவும் வேண்டாம். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணம் இல்லை, ஒரு ஜன்னலும் கூரைக் காற்றுப் போக்கியும் திறந்திருக்கட்டும்.

"பொத்துவில்ல கெஸ்ட் ஹவுஸ் கரண்டைக் குடுத்தா வேன் கதவு சுள்ளெண்டு அடிக்குது. பழுது வேன்லயா, அவங்கட வீட்டுலயா?"

எதுவாக இருந்தாலும் முதலில் அவர்களுடைய சுவிட்சை நிறுத்திப் பிளக்கைக் கழற்றுங்கள். ஈர மணலில் வெறுங்காலோடு நின்று 230 வோல்ட் பட்டால் உயிர் போகும். பெரும்பாலும் இரண்டு பழுதும் சேர்ந்துதான் இருக்கும். வேனுக்குள் ஏதோ ஒன்று தகரத்துக்குக் கசிகிறது, அந்த வீட்டு பிளக்கில் ஏர்த் கம்பி வேலை செய்யவில்லை. ஏர்த் சரியாக இருந்து, 30 மில்லி அம்பியர் டிரிப் சுவிட்சும் இருந்தால் நீங்கள் தொடுமுன் அது விழுந்திருக்கும்.

வேனுக்குள்ளேயே அந்த டிரிப் சுவிட்ச் ஒன்று போட்டு, தகர உடம்பை ஏர்த்தோடு இணையுங்கள். இதை எலெக்ட்ரீஷியன் ஒருவரைக் கொண்டே செய்யுங்கள். எக்ஸ்டென்ஷன் சுருளை முழுவதும் விரித்துப் பாவியுங்கள், சுருண்டபடி கேத்தல் கொதிக்க வைத்தால் உள்ளே உருகும்.

"டயர் பூ அப்பிடியே கிடக்கு, ஏன் மாத்தச் சொல்றீங்க?"

பூவைவிட வயசைப் பாருங்கள். டயர் பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019 ஆம் ஆண்டு 23 ஆம் கிழமை செய்தது. ஒரே இடத்தில் முழுப் பாரத்தோடு வெயிலில் நிற்கிற டயரில் பக்கச் சுவர்தான் முதலில் வெடிக்கும். ஆறு வருடம் தாண்டினால் நான் மாற்றிவிடுவேன். வேன் டயரே போடுங்கள், கார் டயர் இந்தப் பாரத்துக்குச் சரிவராது.

"வேன் பாரம் கூடிட்டா எண்டு எப்பிடித் தெரிஞ்சுகொள்ற?"

சம்மாந்துறைப் பக்கம் நெல் ஆலைகளில் லொறி நிறுக்கும் தராசுப் பாலம் இருக்கிறது. அறுவடை நெரிசல் இல்லாத நாளில் கேட்டால் நிறுத்துத் தருவார்கள். தண்ணீர், கேஸ், சாமான், ஆட்கள் எல்லாவற்றோடும் ஒருமுறை முழுதாக, பிறகு முன் சில்லு மட்டும் ஏற்றி ஒருமுறை, பின் சில்லு மட்டும் ஒருமுறை. வண்டித் தகட்டில் உள்ள அனுமதித்த நிறையோடு ஒப்பிடுங்கள்.

ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ, 100 லீற்றர் தாங்கி பின்னால் இருந்தால் இரண்டு ஆட்கள் கூடப் பின்னால் இருக்கிற மாதிரி. இடது, வலது பாரமும் ஒத்து வர வேண்டும். எங்களுடையதில் பெட்டரியும் தாங்கியும் ஒரே பக்கம் இருந்து, அந்தப் பக்க ஸ்பிரிங் இலை உட்கார்ந்துவிட்டது, பிறகு பெட்டரியை மற்றப் பக்கம் மாற்றினோம்.

"கண்டி போய்ட்டு பதினெட்டு வளைவால இறங்கக்குள்ள பிரேக் பெடல் உள்ள போகுது. ஊருக்குள்ள ஓடக்குள்ள ஒண்டுமில்ல."

எங்கள் ஊர் தட்டையான ஊர், பிரேக்கின் குறை தெரியவே தெரியாது. மஹியங்கனைக்கு இறங்கும் அந்த ரோட்டில் ஒரேயடியாக மிதித்தபடி வந்தால் பிரேக் எண்ணெய் கொதித்துக் குமிழி வரும், அதனால்தான் பெடல் உள்ளே போகிறது. பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், ஈரம் சேரச் சேரக் கொதிநிலை இறங்கும், கடற்கரையில் நிற்கிற வண்டிக்கு இது இன்னும் வேகம். ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுவதும் மாற்றுங்கள்.

இறங்கும்போது ஏறிய அதே கியரில் இறங்குங்கள், வேகத்தை என்ஜின் பிடிக்கட்டும், பிரேக்கை விட்டு விட்டு மிதியுங்கள். பெடல் இளகினால் ஒதுக்கி நிறுத்தி அரை மணிநேரம் ஆற விடுங்கள், சூடான ட்ரம்மில் தண்ணீர் ஊற்றினால் வெடிக்கும். மேலே சொன்ன பாரத்தைக் குறைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். தண்ணீர்த் தாங்கியைக் கண்டியில் நிரப்ப வேண்டாம், கீழே வந்து நிரப்புங்கள்.

"எறும்பும் எலியும் குடி வந்திட்டுது."

சாப்பாடு எதையும் விட்டு வைக்காதீர்கள், ஒரு பிஸ்கட் துண்டு போதும். அடியில் வயர், பைப் நுழையும் துளைகளை இரும்பு நார் வைத்து அடைத்துப் பசை பூசுங்கள். எலி மருந்து வைத்தால் எலி பலகைக்குப் பின்னால் போய்ச் செத்து நாறும், பொறி வையுங்கள்.

"வெள்ளம் வந்து வேனுக்குள்ள முழங்கால் அளவு நிண்டிச்சு. வடிஞ்சிட்டு. ஸ்டார்ட் பண்ணலாமா?"

2011 தையிலும் 2024 கார்த்திகையிலும் வந்த மாதிரி வெள்ளத்துக்குப் பிறகு இதைக் கேட்பவர்கள் நிறைய. சாவியைப் போடவே வேண்டாம். முதலில் இரண்டு பெட்டரியையும் கழற்றுங்கள். காற்று பில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள், உள்ளே ஈரம் இருந்தால் என்ஜினுக்குள் தண்ணீர் போயிருக்கலாம், ஸ்டார்ட் பண்ணினால் கொனெக்டிங் ரொட் வளையும். ஒயில் குச்சியில் பால் தேத்தண்ணி நிறம் தெரிந்தாலும் அப்படித்தான். கியர் ஒயில், டிபரென்ஷல் ஒயில், சில்லு பெயரிங் கிரீஸ் எல்லாம் மாற்ற வேண்டும், அவற்றுக்கும் தண்ணீர் போகும்.

வீட்டுப் பாதியில் ஆட்கள் விடும் பிழை, மேலே துடைத்துக் காயவைத்துவிட்டு விடுவது. தரைப் பலகைக்கு அடியில் இருக்கும் பஞ்சு மாதக்கணக்கில் தண்ணீரைப் பிடித்து வைக்கும், தகரம் உள்ளிருந்து கறள் பிடிக்கும். தரையைக் கழற்றியே ஆக வேண்டும். மனசு கேட்காது, எனக்குத் தெரியும், ஆனால் கழற்றாமல் விட்ட ஒரு வண்டியின் தரை ஒரு வருடத்தில் காலோடு கீழே போனதைப் பார்த்தேன்.

"உள்ளுக்குக் கட்டில் போட்டதுக்கும் பேப்பர் வேணுமா?"

சீற்றைக் கழற்றி உடம்பை மாற்றினால் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் அறிவித்துப் பதிவில் திருத்திக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ்காரருக்கும் கேஸ், சோலர் இருப்பதை எழுத்தில் சொல்லுங்கள், சொல்லாமல் விட்டால் ஒரு நெருப்பு வந்த அன்று அதையே காரணமாகக் காட்டலாம். வருடா வருடம் வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனைச் சான்றும் இன்சூரன்ஸும் வேண்டும், அது எல்லா வேனுக்கும் போலத்தான்.

"மாரிக்கு நாலு மாசம் நிப்பாட்டி வைக்கப்போறம். என்னென்ன செய்துட்டு மூடுற?"

பிளாஸ்டிக் தறப்பாளால் இறுக்கிப் போர்த்தி மூடுவதுதான் எல்லாரும் செய்வது, அதை மட்டும் செய்யாதீர்கள். அடியில் ஈரம் அடைபட்டு வெளியில் மழை பெய்வதைவிட உள்ளே அதிகம் வியர்க்கும். முடிந்தால் மேலே மட்டும் தகரமோ கிடுகோ போட்ட, பக்கம் திறந்த கொட்டிலுக்குள் விடுங்கள். மெத்தைகளை நிமிர்த்தி வையுங்கள், அலுமாரிக் கதவுகளைத் திறந்து விடுங்கள், கூரைக் காற்றுப் போக்கியை மழை படாத அளவுக்கு ஒரு விரல் திறந்து விடுங்கள்.

டீசல் நிரப்புவது, தாங்கி வடிப்பது, பெட்டரியை நிறைத்து வைப்பது, கேஸை இறக்குவது எல்லாம் மேலே சொன்னபடி. பிரிஜ்ஜைத் துடைத்துக் கதவுக்கு இடையில் ஒரு துணியைச் செருகி வையுங்கள். ஹேண்ட் பிரேக்கை இழுத்து விடாதீர்கள், ஈரத்தில் பிரேக் ஷூ ட்ரம்மோடு ஒட்டிப் பிடித்துவிடும், கியரில் போட்டுச் சில்லுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். டயரில் காற்றைக் கொஞ்சம் கூட்டி, மாதம் ஒருமுறை கட்டையை எடுத்து வண்டியை அரைச் சுற்று உருட்டி வையுங்கள். அந்த நேரமே உள்ளே ஏறி, மூலைகளில் கையை வைத்து, மூக்கால் மணந்து பார்த்துவிட்டு இறங்குங்கள்.